முடிச்சக்காவின் பச்சைக் கயிறு

முதலில் கழுத்தைத்தான் பிடிப்பார். நாம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்போம், 'வா' என்று ஒரு சொல் வந்திருக்காது, அதற்குள் அவருடைய வலது கை நம் மார்பில் தொங்கும் போனைப் பற்றிக் கீழே ஓர் இழுப்பு இழுத்திருக்கும். நம் தலை தன்னால் குனியும். தெரியாதவர்கள் பார்த்தால் என்ன மரியாதை என்று நினைப்பார்கள். பிறகு கொக்கிக்கு மேலே இருக்கும் முடிச்சைக் கண்ணருகே கொண்டுபோய், நகத்தால் நிமிண்டிப் பார்த்து, "ம், இருக்கு" என்பார். அதற்கப்புறம்தான், "என்ன மாடி, சாப்டாச்சா?"

மாடி என்பது நான். அவர்கள் வீட்டுக்கு மேலே குடியிருப்பதால் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை, வாய்க்கு வருவதில்லை. அவருக்கும் தெரு வைத்த பெயர்தான் நிலைத்திருக்கிறது. சின்னது பெரியது எல்லாருக்கும் அவர் முடிச்சக்கா.

அவர் செய்து விற்பது போனுக்கான சாமான்கள். கழுத்தில் மாட்டும் கயிறு, மணிக்கட்டில் கோத்துக்கொள்ளும் சின்ன வளையம், ஊசியால் பின்னிய நூல் பை. எல்லாம் கைவேலை. ஒரு கத்திரி, ஓர் அளவு நாடா, கயிற்று முனை பிரியாமல் உருக்க ஒரு மெழுகுவத்தி, பிஸ்கட் டப்பா நிறையக் கொக்கிகள், இவ்வளவுதான் தொழிற்சாலை. அது சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில் அவர் கணவர் தட்டை வைத்துச் சாப்பிடுவார். சாப்பாட்டில் சில நாள் நூல் கிடைக்கும். "இன்னிக்கு மஞ்சள்" என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வாய்க்குப் போவார், பாவம்.

கணவரைத் தெரு 'டிஸ்ப்ளே' என்று அழைக்கும். வீட்டின் முன்னறையில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எந்த போனை நீட்டினாலும் திருப்பிக்கூடப் பார்க்காமல் "டிஸ்ப்ளே போயிடுச்சு" என்பார். ஒருமுறை தெருவிளக்கு எரியவில்லை என்று யாரோ வந்து சொன்னபோதும் அதையே சொன்னதாக ஒரு கதை உண்டு. அவருடைய பிழைப்பு போன்கள் கீழே விழுவதில் இருக்கிறது. மனைவியின் பிழைப்பு அவை விழாமல் இருப்பதில் இருக்கிறது. "ஒரே கூரைக்கு அடியில குந்திக்கிட்டு என் பொழப்புல மண்ணப் போடறா பாரு" என்று வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் புகார் சொல்வார். சொல்லிக்கொண்டே, உடைந்த கண்ணாடியை மாற்றி போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உள்ள என் வீட்டம்மா இருக்கு, ஒரு கயிறு வாங்கிட்டுப் போங்க" என்றும் சொல்வார்.

தொழில் தொடங்கியதே அந்தக் கடையிலிருந்துதான். மத்தியானம் டிஸ்ப்ளே சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயரும் நேரத்தில் அக்கா கடையில் உட்காருவார். உடைந்த போனோடு வருகிறவர்களின் முகத்தை அவர்தான் முதலில் பார்ப்பார். உடைந்த போனை எல்லாரும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார்களாம். "தானா உடைஞ்சிடுச்சுங்க" என்று சொல்வார்களாம். ஒரு நாள், வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் ஒருவர் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போது போன் நழுவி, அதன் மேலேயே பின்சக்கரம் ஏறிவிட்டது. போன் இல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்கு வேலை இல்லை, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுகூடத் தெரியாது. கடை நாற்காலியில் உட்கார்ந்து அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய பையின் கயிற்றை அறுத்து, கொக்கி மாட்டி, முடிச்சுப் போட்டு, பழுதுபார்த்த போனோடு சேர்த்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்த ஆள் தன்னைப்போல நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

இதை மட்டும் கேட்டால் முடிச்சக்கா ஏதோ துணிச்சல்காரர் என்று தோன்றும். நான் அறிந்த மனிதர்களில் அவரைப்போலப் பயப்படுகிறவர் வேறு யாரும் இல்லை. பேயோ, திருடனோ, பாம்போ அவரை ஒன்றும் செய்வதில்லை. விளிம்புதான் அவருக்கு ஆகாது. மேசை ஓரத்தில் ஒரு தம்ளர் இருந்தால் நடுவுக்குத் தள்ளிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார். அடுத்தவர் வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனபோது, டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, அக்கா தன் மற்றொரு கையால் அவருடைய மூக்குக் கண்ணாடியை மேசையின் உள்பக்கம் நகர்த்தி வைத்தாராம். வெளியே வந்து, "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

'எதுக்கும்' என்பது அவருடைய சொல். "எதுக்கும் ஒரு தடவ இழுத்துப் பாக்கறேன்." "எதுக்கும் இன்னொரு முடிச்சுப் போட்டுடறேன்." வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை வந்தவர், "எதுக்கும்..." என்று தொடங்கினாலே போதும், நான் அங்கேயே நின்றுவிடுவேன். அவர் திரும்பிப் போய் இன்னொரு முறை இழுத்துவிட்டு வருவார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு பழைய சாக்ஸ் தொங்கும். சாக்ஸுக்குள் டிஸ்ப்ளேயின் கடையில் செத்துப்போன போன்களைப் போட்டு வாயைத் தைத்து வைத்திருக்கிறார். புதிதாகக் கட்டிய ஒவ்வொரு கயிறும் அந்தச் சாக்ஸைச் சுமந்துகொண்டு ஒரு பகல் முழுக்க ஆணியில் தொங்கியாக வேண்டும். போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தட்டுத் தட்டி ஆட்டிவிடுவார். தப்பிய கயிறுதான் விற்பனைக்குப் போகும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் கயிறு கட்டும் இந்த அம்மாள் தன் போனுக்குக் கயிறு மாட்டியதில்லை. கைக்குட்டையில் சுற்றி இடக்கையில் இறுக்கிப் பிடித்திருப்பார். காய் நறுக்கும்போது அக்குளில் இடுக்கிக்கொள்வார். "ஏங்கா, நீங்களே போட்டுக்கலேன்னா எப்படி?" என்று கேட்டால், "என் கை இருக்கே மாடி, அப்புறம் எதுக்கு?" என்று சிரித்து மழுப்புவார். நானும் சிரித்து விட்டுவிடுவேன்.

கஷ்டம் நாத்தனார் வழியாக வந்தது. டிஸ்ப்ளேயின் தங்கை நல்ல மனசுக்காரி, ஆனால் எதையும் ஊர் கேட்கத்தான் சொல்வார். "அண்ணி, கயிறெல்லாம் கெட்டிதான், ஒத்துக்கறேன். ஆனா கழுத்த அறுக்குதே! பாருங்க, எப்படிச் செவந்திருக்குன்னு. இதப் போயி யாரு வாங்குவாங்க?" அது உண்மைதான், என் கழுத்தும் அதற்குச் சாட்சி. அந்தச் சமயத்தில் பக்கத்துப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் கைவேலைக்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டுத் தருவதாக நாத்தனார் ஏற்பாடு செய்திருந்தார். முடிச்சக்கா வீட்டைத் தாண்டி விற்கப்போகும் முதல் இடம். எல்லாக் கயிறும் ஆணியில் தொங்கித் தேறிவிட்டன. அதற்குப் பிறகுதான் நாத்தனார் அந்த யோசனையைச் சொன்னார். "துணி அலசற தண்ணியில வாசனையா ஒண்ணு ஊத்துவாங்களே, மெத்துமெத்துன்னு ஆயிடும்ல, அதுல ஒரு தரம் முக்கி எடுத்துடுங்க அண்ணி."

முக்கி எடுத்தார்கள். கயிறுகள் பட்டுப்போல ஆகிவிட்டன, வீடே கமகமத்தது. மொட்டை மாடிக் கொடியில் நிறம் நிறமாக அவை காய்ந்ததை நானே நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை விற்பனை. மறுபடி ஆணியில் தொங்கவிட நேரம் இல்லை, தொங்கவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. ஏற்கெனவே தேறிய கயிறுதானே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலையில் மேசை விரிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தவர், மத்தியானத்துக்குள் வாய் கொள்ளாத சிரிப்போடு நின்றார். தொட்டவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். கடைசியாக ஒரு பெயிண்டர் வந்தார். அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர், முழங்கையெல்லாம் வெள்ளைப் புள்ளி. "மேல தொங்கிட்டு வேல செய்யறப்போ போன எங்க வெக்கறதுன்னே தெரியலம்மா. சட்டப் பையில வெச்சா, குனிஞ்சா எட்டிப் பாக்குது" என்றார். இருந்ததிலேயே பளிச்சென்ற பச்சைக் கயிறு ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அதே பேச்சு. "என் கயிறு எங்க தொங்குது தெரியுமா? எட்டாவது மாடியில!"

விற்காமல் மிஞ்சியது ஒரே ஒரு கயிறு. கொக்கி கொஞ்சம் வளைந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை. ஆணி காலியாக இருக்கிறதே என்று சாக்ஸை அதில் மாட்டித் தொங்கவிட்டார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, டிஸ்ப்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். மாடியில் இருந்த எனக்கே கேட்டது.

நான் இறங்கி வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாக்ஸ், கையில் கயிறு. கயிறு அறுபடவில்லை. முடிச்சுத்தான் இல்லை. போட்ட முடிச்சு அப்படியே அவிழ்ந்து, முனை வழவழவென்று நீண்டிருந்தது. "அறுந்திருந்தாக்கூடப் பரவால்ல மாடி" என்றார். "இது வழுக்கிட்டு வந்திருக்கு."

டிஸ்ப்ளே கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து பார்த்தார். அவர் முதலில் நம்பவில்லை. அதே கயிற்றில் மறுபடி முடிச்சுப் போட்டு, முடிச்சை ஒட்டி வெளியே நீண்டிருந்த வாலில் பேனாவால் ஒரு கோடு கிழித்து, சாக்ஸை மாட்டித் தொங்கவிட்டார்கள். சாயங்காலம் கோட்டைக் காணோம். முடிச்சுக்குள் போயிருந்தது. வாசனைத் தண்ணீரில் ஊறிய கயிறு, ஆட ஆட, தன் முடிச்சிலிருந்து தானே கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கூட்டம் கயிறு ஊரில் பல கழுத்துகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"பதறாத" என்றார் டிஸ்ப்ளே. "புது டிசைன் வந்திருக்கு, பழசக் குடுத்துட்டு இத வாங்கிக்குங்கன்னு சொல்லி மாத்திடு. எவனுக்கும் எதுவும் தெரிய வேண்டாம்." கேட்க நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அக்கா பழைய சொரசொரப்புக் கயிற்றில், ஊசியால் முடிச்சை ஊடுருவித் தைத்து, புதிதாகக் கட்டி எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனார். முதல் வீட்டுக் கதவு திறந்ததும், "புது டிசைன்..." என்று தொடங்கினாராம். அதற்கு மேல் வாய் வரவில்லை. "அம்மா, முடிச்சு அவுந்துடும்மா, கழட்டிடுங்கம்மா" என்று கொட்டிவிட்டார். அப்புறம் எல்லா வீட்டிலும் அதையே சொன்னார். சிலர் "எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்று கொடுக்க மறுத்தார்கள். அவர்களிடம் கெஞ்சி வாங்கினார். பலர் கொடுத்துவிட்டார்கள், ஆனால் மாற்றுக் கயிறு வேண்டாம் என்றார்கள். ஒரு பெண்மணி அதைக் கையில்கூடத் தொடாமல், "வேணாம்மா, நான் பையிலயே வெச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்தினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் உடைந்தது.

ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பிவந்தன. பச்சை மட்டும் வரவில்லை.

பெயிண்டர் அந்தக் குடியிருப்பில் வேலை முடிந்து போய்விட்டிருந்தார். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் அக்காவோடு தெருவில் நடக்கவே முடியாது. உயரமான கட்டடம் எது தெரிந்தாலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். பிறகு அதன் கீழே நடந்துபோகும் மனிதர்களின் தலைகளைப் பார்ப்பார். ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சாரத்தின் அடியில் போனதைப் பார்த்து, முன்பின் தெரியாத அவளைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவள் திட்டினாள். "போன் உடைஞ்சா என் வீட்டுக்காரர் ஒட்டிடுவாரு மாடி" என்றார் என்னிடம். "மண்டை உடைஞ்சா?" சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. மேசையில் இருந்த பாதித் தொழிற்சாலை அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. டிஸ்ப்ளேவுக்கு இப்போது முழு மேசையும் கிடைத்தது. அவர் பழக்கப்படி தன் பாதியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

கடைசியில் குடியிருப்புக் காவலாளி ஒருவர் துப்புச் சொன்னார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அலுவலகக் கட்டடம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் அதைவிட ஜனம் நடக்கும் இடம் கிடையாது. நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்காவோடு கிளம்பினேன். பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். இடக்கையில் கைக்குட்டை சுற்றிய போன். "இது ஒண்ணு மட்டும் பத்திரமா கைக்கு வந்துடட்டும்" என்றார். "அதோட விட்டுடறேன் மாடி. எனக்கு இந்தத் தொழில் வேணாம். அடுத்தவங்க பொருளத் தொங்கவிடற தெம்பு எனக்கு இல்ல."

கட்டடத்தின் பாதி உயரத்தில் இரண்டு கயிறுகளில் ஒரு பலகை தொங்கியது. பலகையில் அவர். கை எட்டிச் சுவரில் உருளையை ஓட்டும்போதெல்லாம் மார்பில் பச்சையாக ஏதோ முன்னும் பின்னும் ஆடியது. கீழே நடைபாதையில் யாரும் போகக்கூடாது என்று ஒரு நாடா கட்டியிருந்தார்கள். ஜனங்கள் அதைத் தூக்கிவிட்டு அடியில் நுழைந்து நேராகப் பலகைக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தார்கள். அதுதான் பேருந்துக்குக் குறுக்கு வழி.

சூப்பர்வைசர் ஒரு நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். அக்கா மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். அவர் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏம்மா இவ்ளோ பதட்டம், கூப்பிட்டுச் சொல்லிட்டாப் போச்சு" என்று தன் போனை எடுத்தார். அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க! அடிச்சா கையில எடுப்பாருங்க!"

"பின்ன எப்படித்தான் கூப்பிடறது? இங்கேருந்து கத்தினா அவன் காதுல விழுமா?"

மொட்டை மாடியில் கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். சூப்பர்வைசர் அவருக்குப் போன் போட்டார். "அவன எறங்கச் சொல்லு. போன மட்டும் தொட வேணாம்னு சொல்லு." மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தியது. போனைத் தொடாதே என்று கேட்டால் மனிதன் என்ன செய்வான்? பெயிண்டர் உருளையை வைத்துவிட்டு, முதல் வேலையாகக் குனிந்து போனைப் பிடித்து, அதற்கு என்ன ஆயிற்று என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது.

பிறகு அவர் செய்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாடாவைத் தூக்கிக்கொண்டு நேராகப் பலகைக்குக் கீழே போனார். விளிம்பைக் கண்டாலே விலகி நிற்கும் மனுஷி. வருகிறவர்களை வலக்கையால் தள்ளினார், அதட்டினார், கும்பிட்டார். "சுத்திப் போங்க, தயவுசெஞ்சு சுத்திப் போங்க." ஓர் இளைஞன், "என்ன மேடம், ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நானும் மறுபக்கம் நின்று கையை விரித்துக்கொண்டேன். பலகை ஒரு பக்கம் இறங்கும், நிற்கும், மறுபக்கம் இறங்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் அந்தப் பச்சை ஊசலாடியது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது.

கால் தரையில் பட்டதும் பெயிண்டர் கேட்ட முதல் கேள்வி, "என்னங்க? என் வீட்ல யாருக்காச்சும் எதாச்சும்..." அவர் முகம், அதில் தெறித்திருந்த வெள்ளைப் புள்ளிகளைப்போலவே வெளுத்திருந்தது. வேலையின் நடுவில் கீழே கூப்பிட்டால் வேறு என்னதான் நினைப்பார்?

"வீட்ல எல்லாரும் நல்லா இருப்பாங்கய்யா" என்றார் அக்கா. "என் கயிறுதான்." வலக்கையை அவருடைய போனுக்குக் கீழே ஏந்தலாக வைத்துக்கொண்டு, "மாடி, நீ நிமிண்டு" என்றார். நான் முடிச்சைப் பார்த்தேன். வால் உள்ளே போய், உருக்கிய முனை மட்டும் ஒரு மணியளவு மிச்சம் இருந்தது. நகத்தால் தொட்டேன். முடிச்சு சத்தமில்லாமல் பிரிந்தது. போன் அக்காவின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

பெயிண்டர் தான் இருந்த உயரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இத மாட்டிக்கிட்டா நான் இத்தன நாளா மேல இருந்தேன்?"

சூப்பர்வைசருக்கு இப்போதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. "கீழ போறவன் தலையில விழுந்திருந்தா நான்தாம்மா உள்ள போயிருப்பேன்! என்ன தைரியத்துல இதையெல்லாம் விக்கறீங்க?" என்று குதித்தார். அக்கா அசையாமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். "விழுந்துதான் இருக்கும்" என்றார். "தப்பு என்னுது. மொதல்லயே இழுத்துப் பாத்துத்தான் குடுத்தேன். அப்புறம் துவைச்சேன். துவைச்சப்புறம் இழுத்துப் பாக்கல." பெயிண்டரிடம் போனைக் கொடுத்துவிட்டு, தன் பையிலிருந்து, தைத்து முடிச்சிட்ட புதுக்கயிறு ஒன்றை எடுத்து நீட்டினார். அதுவும் பச்சை. தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்.

பெயிண்டர் அதைத் தொடவில்லை. "வேணாம் தாயி. சட்டப் பையே போதும் எனக்கு." தண்ணீர்ப் புட்டியைத் திறந்து குடித்தார். குடித்துவிட்டு, என்ன தோன்றியதோ, "ஆமா, உங்க போன் எதுல தொங்குது?" என்றார்.

அக்கா இடக்கையைத் தூக்கிக் காட்டினார். கைக்குட்டைக்குள் இறுகிய விரல்கள்.

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கே கத! மேல நிக்கறான் பாருங்க, எங்களுக்குக் கயிறு கட்டறவன். பலகையத் தொங்கவிட்டதும் மொதல்ல அவன்தான் ஏறணும். ஏறி நடுவுல நின்னு ஒரு குதி குதிக்கணும். அவன் குதிச்சாத்தான் நாங்க காலே வெப்போம். கட்டினவன் குதிக்காத கயிறுல நான் ஏற மாட்டேன்." சொல்லிவிட்டுப் புட்டியை மூடினார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

எனக்கு அக்காவைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. முழங்கையைத் தொட்டு, "வாங்கக்கா, அதான் கைக்கு வந்துடுச்சுல்ல, போலாம்" என்றேன்.

அவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே கைக்குட்டையைப் பிரித்தார். அந்த போனை நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். விரல் பிடித்துப் பிடித்து அதன் முதுகில் பளபளப்பே போயிருந்தது. உறையைக் கழற்றி, கயிற்றோடு வரும் சின்னப் பட்டையை உள்ளே வைத்து, அதன் வளையத்தை உறையின் சார்ஜர் துளை வழியே வெளியே இழுத்து, உறையை மூடி, அந்தப் புதுக்கயிற்றின் கொக்கியை வளையத்தில் மாட்டினார். கொக்கி இரண்டு முறை தவறியது. பச்சைக் கயிற்றைத் தலைவழியே போட்டுக்கொண்டார். போன் மார்பில் தொங்கியது. இடக்கை பழக்கதோஷத்தில் அதற்குக் கீழேயே ஏந்தலாக நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் அந்தக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். செருப்பை உதறிவிட்டு, அந்த சிமென்ட் நடைபாதையில், பேருந்துக்கு ஓடுகிற அத்தனை பேர் பார்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு எம்பிக் குதித்தார்.

போன் ஒரு துள்ளுத் துள்ளி மார்பில் மோதி, தொங்கியது. பெயிண்டர் புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். "சரி, குடுங்க" என்று குனிந்து கழுத்தை நீட்டினார்.

"இருங்க" என்றார் முடிச்சக்கா. "எதுக்கும் இன்னொரு தடவ."

பின்னால் கட்டிய கையை அவிழ்க்காமல், கண்ணைத் திறந்துகொண்டே, முன்னைவிட உயரமாக மறுபடியும் குதித்தார்.